சிரையில் ஓடுவது கெட்ட இரத்தமா?



இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் பலமுறை நடத்திய ஒரு பாடத்தை நான் பிழையாகவே நடத்தி வந்திருக்கிறேன் என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எனக்கு உணர்த்தினாள். அந்தப் பாடம், மனிதனின் இரத்த ஓட்ட மண்டலம்.

அன்று வழக்கம்போல் வெண்பலகையில் இதயத்தை வரைந்தேன். சிவப்பு மையில் தமனி. நீல மையில் சிரை. “தமனி சுத்த இரத்தத்தைக் கொண்டு செல்லும்; சிரை அசுத்த இரத்தத்தைக் கொண்டு வரும்” என்று சொல்லி, மாணவர்களையும் ஒருமுறை சேர்ந்து சொல்லச் செய்தேன். என் ஆசிரியர் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். நானும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

ஓய்வு மணி அடித்தது. பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடினர். அந்த மாணவி மட்டும் என் மேசையருகே நின்றாள்.

“டீச்சர், எங்க அப்பா கையில ஓடறது கெட்ட இரத்தமா?”

அவளுடைய தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் படுத்திருக்கிறார். அதற்காக அவர் இடக்கையில் ஓர் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இரத்தக்குழாய் கயிறுபோல் புடைத்திருக்குமாம். தொட்டால் உள்ளே ஏதோ அதிருமாம். சிறு வயதிலிருந்து அவள் இரவில் அந்தக் கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் உறங்கப் போவாளாம். உறவினர் சிலர் “உங்கள் அப்பாவுக்கு இரத்தம் கெட்டுப்போய்விட்டது” என்று பேசியதை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். இப்போது ஆசிரியரும் சிரையில் ஓடுவது அசுத்த இரத்தம் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார்!

“அப்படியெல்லாம் இல்லையம்மா. போய்ச் சாப்பிடு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் இல்லை என்று விளக்க எனக்கு அப்போது தெரியவில்லை. அதுதான் உண்மை. அன்றிரவு நெடுநேரம் படித்தேன். படித்ததையும், அதன்பின் எனக்குத் தோன்றியதையும் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

சொல் எங்கே பிழைபட்டது?

முதலில் தமனி, சிரை என்றால் என்ன? இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்லும் குழாய் தமனி. இதயத்திற்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டு வரும் குழாய் சிரை. இரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்கள் தந்துகிகள். திசையைக் கொண்டு பிரிக்கப்பட்ட பெயர்கள் இவை. உள்ளே ஓடும் இரத்தத்தின் தரத்தைக் கொண்டு பிரிக்கப்பட்டவை அல்ல.

எடுத்துக்காட்டுகள் பாடத்திலேயே இருக்கின்றன. இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாய் தமனிதான். ஆனால், அதில் ஓடுவது கரிவளி மிகுந்த இரத்தம். நுரையீரலிலிருந்து இதயத்திற்குத் திரும்புவது சிரை. அதில் ஓடுவதோ உயிர்வளி மிகுந்த இரத்தம். ‘தமனி என்றால் சுத்தம்’ என்ற நம் சூத்திரம் இங்கேயே உடைந்துபோகிறது. நாமோ இதை ‘விதிவிலக்கு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் உடலின் இரத்தம் முழுவதும் கடந்து செல்லும் பாதை எப்படி விதிவிலக்காகும்?

இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. தாயின் கருவில் இருக்கும் குழந்தைக்கு உயிர்வளியும் உணவும் தொப்புள்கொடி வழியே வருகின்றன. அவற்றைக் கொண்டு வரும் குழாய் சிரை. நாம் ஒவ்வொருவரும் பிறப்பதற்கு முன் பெற்ற முதல் உணவு ஒரு சிரையின் வழியேதான் வந்தது. அதை அசுத்தம் என்போமா?

இரத்த தானம் செய்தவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் இரத்தத்தை எந்தக் குழாயிலிருந்து எடுத்தார்கள்? முழங்கையின் உட்புறத்தில் உள்ள சிரையிலிருந்து. விபத்தில் அடிபட்டவருக்கும், பேறுகாலத்தில் குருதி இழந்த தாய்க்கும் உயிர் கொடுக்கும் அந்தப் பை முழுவதும் சிரை இரத்தம். அசுத்த இரத்தத்தைக் கொடுத்தா நாம் உயிர்களைக் காப்பாற்றுகிறோம்?

சரி, ‘உயிர்வளி இல்லாத இரத்தம்’ என்று சொல்லலாமா என்றால், அதுவும் பிழையே. ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடலைச் சுற்றி வந்து இதயத்தை அடையும் இரத்தத்தில், அது ஏந்தக்கூடிய உயிர்வளியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் மீதமிருக்கும். அதன் நிறமும் நீலமன்று, அடர்சிவப்பு. தோலின் வழியே ஒளி சிதறி மீள்வதால் சிரைகள் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகின்றன. புத்தகப் படத்தில் உள்ள நீலம், பாதையைப் பிரித்துக் காட்ட இடப்பட்ட வண்ணம் மட்டுமே. இதை நாம் வாய்விட்டுச் சொல்லாவிட்டால், தங்கள் உடலில் நீல இரத்தம் ஓடுவதாகவே பிள்ளைகள் நம்புவார்கள். என் வகுப்பில் பலர் அப்படி நம்பியிருந்தனர்.

அந்தத் தந்தையின் கையில் நடப்பது என்ன?

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டுமானால், நிறைய இரத்தத்தை விரைவாக வெளியே எடுத்து, கருவியின் வழியே செலுத்தி, மீண்டும் உள்ளே அனுப்ப வேண்டும். சாதாரணச் சிரையில் அவ்வளவு விரைவான ஓட்டம் கிடையாது. தமனியில் ஓட்டம் உண்டு. ஆனால், அது ஆழத்தில் இருக்கிறது. வாரத்தில் மூன்று முறை ஊசி குத்த அது ஏற்றதன்று. எனவே, மருத்துவர்கள் கையில் உள்ள ஒரு தமனியை அருகிலுள்ள சிரையோடு இணைத்துவிடுகிறார்கள். தமனியின் அழுத்தம் சிரைக்குள் பாய்கிறது. சில வாரங்களில் சிரை விரிந்து, சுவர் தடித்து, ஊசியைத் தாங்கும் வலிமை பெறுகிறது. இம்முறையை நியூயார்க் மருத்துவர்கள் 1966ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். அதற்குப்பின் எத்தனையோ இலட்சம் பேர் இத்தகைய ஒரு கையை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆக, அந்தச் சிரையில் ஓடுவது தமனியிலிருந்து நேரே பாயும் இரத்தம். நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த சூத்திரத்திற்கு அந்தக் கையில் இடமே இல்லை.

‘இரத்தச் சுத்திகரிப்பு’ என்று பெயரிலேயே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே நீக்கப்படுபவை யூரியா போன்ற கழிவுகளும், மிகுதியான நீரும் உப்புகளும். அவை சிரையில் மட்டும் இருப்பவை அல்ல. இரத்தம் முழுவதிலும் கலந்திருப்பவை. கரிவளியை நுரையீரல் நீக்குகிறது. யூரியாவைச் சிறுநீரகம் நீக்குகிறது. இவை இரண்டு வெவ்வேறு பணிகள். சொல்லப்போனால், நலமான சிறுநீரகத்திற்குள் நுழையும் தமனியில்தான் யூரியா மிகுதி. வெளியே வரும் சிரையில் குறைவு. யூரியாவை அளவுகோலாகக் கொண்டால் அங்கே சிரைதான் ‘சுத்தம்’! ‘அசுத்தம்’ என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டு பணிகளையும் போட்டுக் குழப்பியதால்தான் அந்தச் சிறுமி அப்படிக் கேட்க நேர்ந்தது.

அடுத்த வாரம் மகளை அழைத்துச் செல்ல அவர் பள்ளிக்கு வந்தபோது, தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக் கையை நீட்டினார். “தொட்டுப் பாருங்கள் டீச்சர்” என்றார். விரல்களை வைத்தேன். பூனை உறுமுவதுபோல் இடைவிடாத அதிர்வு. “இது தினமும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நின்றுபோனால் உள்ளே அடைத்துக்கொண்டது என்று பொருள். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முன்பெல்லாம் என் மகள்தான் பார்ப்பாள். இப்போது ஏனோ கிட்டே வருவதில்லை” என்றார்.

ஏனென்று எனக்குத் தெரியும். நான் சொன்ன ஒரு சொல்.

மறுநாள் அதே பாடத்தை மீண்டும் நடத்தினேன். “போன வாரம் ஆசிரியர் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டேன். குறிப்பேட்டில் அதை அடித்துவிடுங்கள்” என்றேன். ஆசிரியரும் தவறு செய்வார் என்பதில் சில பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி! அவள் தலையைக் குனிந்து, அளவுகோலை வைத்து, அந்தச் சொல்லின்மேல் இரண்டு கோடுகள் போட்டாள்.

இன்னும் இரண்டு சொற்கள்

வீட்டில் நாம் வழங்கும் ஒரு சொல்லும் பாடத்திற்குத் தடையாக நிற்கிறது. கையில் புடைத்துத் தெரியும் சிரையை நாம் ‘நரம்பு’ என்கிறோம். ஊசி போடும்போது “நரம்பு கிடைக்கவில்லை” என்கிறோம். நரம்பு மூளையின் செய்திகளைக் கடத்துவது. அதில் இரத்தம் ஓடுவதில்லை. மலாய் மொழியிலும் ‘ஊராட்’ என்ற ஒரே சொல் இவற்றையெல்லாம் குறிக்கப் பேச்சில் வழங்குகிறது. எனவே, பிள்ளைகள் இரு மொழியிலும் குழப்பத்தோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். பேச்சு வழக்கைக் குறை சொல்வது என் நோக்கமன்று. “வீட்டில் நரம்பு என்பதை இங்கே நாம் சிரை என்கிறோம்” என்று பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.

மற்றொன்றைச் சற்றுத் தயக்கத்தோடு எழுதுகிறேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டில் பயிலும் நம் பெண்பிள்ளைகளில் பலர் பூப்படையும் வயதில் இருக்கிறார்கள். மாதவிடாயின்போது ‘கெட்ட இரத்தம் வெளியேறுகிறது’ என்று பல வீடுகளில் சொல்லப்படுகிறது. வெளியேறுவது கருப்பையின் உட்சுவர்ப் படலமும் அதனோடு வரும் இரத்தமும்தான். உடலில் ஓடும் அதே இரத்தம். வகுப்பில் நாம் ‘அசுத்த இரத்தம்’ என்று சொல்லும்போது, வீட்டில் கேட்ட அந்தச் சொல்லுக்கு அறிவியலின் முத்திரையைக் குத்திக் கொடுக்கிறோம். ஒரு பிள்ளை தன் உடலைத் தானே வெறுப்பதற்கு நம் பாடம் காரணமாகலாமா?

பழைய கொள்கையின் நிழல்

இரத்தத்தை இரண்டாகப் பிரிக்கும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த காலென் என்ற மருத்துவர், உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது என்றும், உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்றும் கருதினார். சிரைகளின் இரத்தமும் தமனிகளின் இரத்தமும் வெவ்வேறு என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இக்கொள்கை நிலைத்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-நஃபீஸ், இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்று எழுதினார். 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருகிறது என்பதை நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைப்பது எது என்பதை அவரால் காண முடியவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1661இல், இத்தாலியின் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து தந்துகிகளைக் கண்டார்.

ஹார்வி நிறுவியதன் சாரம் என்ன? இரத்தம் ஒன்றே. அது சுற்றுகிறது. இன்று நாம் அறிந்தபடி, அது ஓரிடத்தில் உயிர்வளியை இறக்கிவிட்டு, மற்றோரிடத்தில் ஏற்றிக்கொள்கிறது. சுத்தம், அசுத்தம் என்ற பிரிவு ஹார்விக்கு முந்திய கொள்கையின் நிழலாகவே எனக்குத் தோன்றுகிறது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நிழலை நாம் ஏன் வகுப்பறைக்குள் வைத்திருக்க வேண்டும்?

“சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவு எதற்கு?”

சக ஆசிரியர் ஒருவர் இப்படிக் கேட்டார். சுத்தம், அசுத்தம் என்றால் பிள்ளைகளுக்கு எளிதில் மனத்தில் பதியும் என்றார். எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால், எளிமை வேறு, பிழை வேறு. ‘உயிர்வளி மிகுந்த இரத்தம்’, ‘கரிவளி மிகுந்த இரத்தம்’ என்று சொல்வதில் என்ன கடினம்? ஒவ்வொன்றிலும் இரண்டு சொற்கள்தாம் கூடுகின்றன.

நான் பணியில் சேர்ந்த காலத்தில்தான், 2003இல், அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. அதைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் கட்டங்கட்டமாகப் பாடங்கள் தமிழுக்குத் திரும்பின. திரும்பியபோது, எங்கள் தலைமுறை ஆசிரியர்களில் பலர் தாங்கள் சிறு வயதில் கேட்ட சொற்களையே கையில் எடுத்தோம். பயிற்சிக் கல்லூரியில் கலைச்சொற்களைப் பட்டியலாக மனனம் செய்தோமே தவிர, ஒரு சொல் பிள்ளையின் மனத்தில் என்ன செய்யும் என்று யாரும் எங்களைச் சிந்திக்க வைக்கவில்லை. அறிவியல் தமிழில்தான் கற்பிக்கப்பட வேண்டும் என்று உரக்கப் பேசுகிறோம். நல்லது. அப்படியானால், தமிழில் கற்பிக்கப்படும் அறிவியல் பிழையற்றதாக இருக்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதே.

வகுப்பில் செய்து பார்க்கலாம்

நான் இப்போது இந்தப் பாடத்தை இப்படி நடத்துகிறேன். விரும்பும் ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. பாடநூலைத் திறப்பதற்கு முன், மணிக்கட்டில் நாடித்துடிப்பை உணரச் செய்கிறேன். அமர்ந்திருக்கும்போது ஒரு நிமிடம். முப்பது முறை குதித்தபின் ஒரு நிமிடம். இரண்டையும் அட்டவணையில் எழுதுகிறார்கள். விரலுக்கடியில் துடிப்பது தமனி என்று அதன்பின்தான் பெயர் சொல்கிறேன்.

2. அடுத்து ஒரு கணக்கு. பெரியவர் ஒருவரின் இதயம் ஒருமுறை துடிக்கும்போது ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்றால் அரை மணி நேரத்தில் எவ்வளவு? 147 லிட்டர். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளில் நிரப்பினால் 98 புட்டிகள்! உடலில் இருப்பதோ ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம்தான். மீதி எங்கிருந்து வந்தது? “அதே இரத்தம்தான் சுத்திச் சுத்தி வருது டீச்சர்!” என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும். ஹார்வியும் இத்தகைய கணக்கைத்தான் போட்டார். அவர் எடுத்துக்கொண்ட அளவுகள் இன்னும் சிறியவை. ஆயினும் முடிவு ஒன்றே.

3. ஒரு கையை மேலே தூக்கி, மற்றொன்றைக் கீழே தொங்கவிட்டு ஒரு நிமிடம் நிற்கச் செய்கிறேன். பின் இரு புறங்கைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள். தொங்கிய கையில் சிரைகள் புடைத்திருக்கும். இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும் என்பதும், அதனால்தான் சிரைகளில் வால்வுகள் உள்ளன என்பதும் அங்கே விளங்கிவிடும்.

4. வீட்டுப்பாடம்: தாத்தா, பாட்டியின் கையில் நன்கு தெரியும் ஒரு சிரையை, அவர்கள் அனுமதியோடு, மணிக்கட்டருகே ஒரு விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் முழங்கையை நோக்கித் தடவிப் பார்க்க வேண்டும். சிரை வெறுமையாகும். கீழ் விரலை எடுத்ததும் நிரம்பும். ஹார்வி தம் நூலில் படமாகவே காட்டிய சோதனை இது. செலவில்லை. தாத்தா பாட்டியோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியதும் ஆயிற்று.

பெற்றோருக்கு ஒரு சொல்

தேசிய உடல்நல ஆய்வு 2023இன்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிகுதியாகக் காணப்பட்டது. சிறுநீரகம் செயலிழந்து சுத்திகரிப்புக்கு வருவோரில் பெரும்பாலோருக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. மிகுதியான சர்க்கரை நுண்ணிய குழாய்களை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் நுண்குழாய்களாலேயே பின்னப்பட்டவை என்பதால் அவை முதலில் அடிபடுகின்றன. உயர் இரத்த அழுத்தமும் அப்படித்தான். பல ஆண்டுகள் வலியே இருக்காது.

எனவே, உங்கள் பிள்ளை வீட்டில் வந்து “அப்பா, கையைக் கொடுங்கள், நாடி பார்க்க வேண்டும்” என்று கேட்டால், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டுங்கள். நாளையே அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பாடம் உங்களுக்கும் உரியதே.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை வெண்பலகையில் இதயத்தை வரையும்போது, சிவப்பும் நீலமும் பயன்படுத்துங்கள். அவை வெறும் வண்ணங்கள் என்று சொல்லுங்கள். ‘சுத்தம்’, ‘அசுத்தம்’ என்ற சொற்களை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் வகுப்பில் யாருடைய தந்தை, யாருடைய தாய் அந்தச் சுத்திகரிப்பு மையத்தில் படுத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியவில்லை.

அந்த மாணவி இப்போது மீண்டும் தந்தையின் கையைத் தொட்டுப் பார்க்கிறாள். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒருமுறை, இரவில் ஒருமுறை. “இருக்கு டீச்சர்” என்று சில நாள்களில் என்னிடமும் வந்து சொல்லிவிட்டுப் போகிறாள்.